இரத்தப் புற்றும் சத்து மருந்தும்

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது நமக்கு மார்க்கம் விதித்த கடமைகளுள் ஒன்று. வெறுங்கையுடன் செல்லாதிருப்பது நம்மவர் வழக்கம். பேரீச்சம்பழம், தேன், ஆரஞ்சு என்று அவரவர் வசதிக்கேற்ப ஏதேனும் கொண்டு செல்வோம். நோயுற்றிருப்பது பச்சிளம் பிள்ளை என்றால் கைகள் இன்னும் தாராளமாகும். அண்மைக் காலமாக இந்தப் பைகளுக்குள் மருந்துக் கடைப் புட்டி ஒன்றும் சேர்ந்து வருவதைக் காண்கிறோம். "சத்துக்கு இதைக் கொடுங்கள், பிள்ளை இளைத்துப் போயிற்று" என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கொடுப்பவர் நெஞ்சில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் அந்தப் புட்டி எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதன்று. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளையின் கட்டிலருகே அது இருப்பது பற்றித்தான் ஈண்டு எழுத எண்ணுகிறோம்.

மருத்துவம் நமது துறையன்று. எனினும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் பெற்றோர் துஆவுக்காக வருவர். துஆவுடன் ஒரு கேள்வியையும் கொண்டு வருவர். அக்கேள்விகளுக்கு விடை சொல்லுமுன், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெளிந்துகொள்வது நமது வழக்கம். அவ்வாறு தெளிந்தவற்றுள் சில இவை.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுக்கே. அதிலும் பெரும்பான்மை நிணநீர் அணு வகையைச் சேர்ந்தது. எலும்பின் உள்ளே, மச்சையில், இரத்த அணுக்கள் பிறக்கின்றன. அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. சிவப்பணு குறைவதால் பிள்ளை வெளிறிப்போகிறது. தட்டணு குறைவதால் உடலில் நீலத் தடிப்புகள் தோன்றுகின்றன. முதிர்ந்த வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாமல் வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன் இப்பெயரைக் கேட்ட வீட்டில் அழுகை தவிர வேறெதுவும் இருக்கவில்லை. இன்று நிலைமை அதுவன்று. வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்து வளர்கின்றனர். நம் நாட்டில் அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை. தாமதமாக வருவதும், சிகிச்சை நடுவே தொற்று நோய் தாக்குவதும், பாதியில் சிகிச்சையைக் கைவிடுவதும் அதற்குரிய காரணங்களுள் முக்கியமானவை. சிகிச்சை நெடியது; இரண்டு ஆண்டுகளுக்கு மேல், சிலருக்கு மூன்று ஆண்டுகள் வரையும் நீளும்.

இந்த நெடிய காலத்தில் பெற்றோரை வாட்டுவது நோயைவிட மருந்தே. முடி உதிர்கிறது. வாய் முழுவதும் புண்ணாகி, பிள்ளை தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துடிக்கிறது. கால் தளர்ந்து, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுகிறது. இவற்றைக் காணும் தாய்க்குத் தோன்றுவது ஒன்றுதான்: பிள்ளைக்குச் சத்துப் போதவில்லை.

வாய்ப்புண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் யாருக்கு வாயில் புண் வந்தாலும் மருந்துக் கடைக்காரர் கேளாமலே எடுத்து நீட்டுவது பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை. வைட்டமின் குறைவால் வரும் புண்ணுக்கு அது பொருந்தும். ஆனால் புற்று மருந்தால் வந்த புண் சத்துக் குறைவால் வந்த புண்ணன்று. சத்தை வேண்டுமென்றே மறுத்ததால் வந்த புண். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதுதான் ஆபத்து. அந்த மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் என்னும் ஒரு வைட்டமினும் சேர்ந்திருக்கிறது. அதன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அது நம் நாட்டில் தொடங்கிய கதை.

1928-ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே கருவுற்ற பெண்கள் பலர் கடுமையான இரத்தசோகையால் உயிரிழந்துகொண்டிருந்தனர். நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சென்று, யார் என்ன உண்கிறார்கள் என்று அவர் கணக்கெடுத்தார். உணவு மிகக் குறைந்தும் நோய் மிக மிகுந்தும் காணப்பட்டது ஏழை முஸ்லிம் பெண்களிடம் என்பது அவர் கண்ட உண்மை. அந்தப் பெண்கள் யாரென்று இன்று ஒருவருக்கும் தெரியாது. அவர்களுடைய வறுமையிலிருந்து உலகுக்கு ஒரு மருந்து கிடைத்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாறு ஒன்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறியதை லூசி வில்ஸ் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் எது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1941-இல் பசலைக் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

பின்னர் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓர் இந்தியர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர். ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று, லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுகளை நடத்தியவர். இவர் பெயரை அறியாத மருத்துவர்களையும் நாம் சந்தித்திருக்கிறோம்.

இரத்தசோகைக்கு இத்துணை நன்மை தந்த பொருள் இரத்தப் புற்றுக்கும் நன்மை தரும் என எண்ணுவது இயல்பு. பாஸ்டன் நகரத்துச் சிறுவர் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராக இருந்த சிட்னி ஃபார்பர் அவ்வாறே எண்ணினார். இரத்தப் புற்றுக் கண்ட பிள்ளைகள் சிலருக்கு ஃபோலிக் அமில வகைப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. விளைவு நேர்மாறாயிற்று. நோய் தணியவில்லை, மச்சையில் புற்றணுக்கள் முன்னிலும் வேகமாகப் பெருகக் கண்டார். ஃபார்பரின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. சத்துக் கொடுத்தால் புற்று வளருமானால், அந்தச் சத்தை மறுத்தால் புற்று வாடுமன்றோ? ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் இடத்தில் அமர்ந்து, அதன் வேலையைச் செய்யாமல் தடுக்கும் ஒரு பொருளைத் தேடினார். அதையும் ஆக்கிக் கொடுத்தது சுப்பாராவின் ஆய்வுக்கூடமே. அமினோப்டெரின் என்பது அதன் பெயர். 16 பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்த செய்தி 1948 ஜூன் மாதம் மருத்துவ இதழில் வெளியாயிற்று. தணிவு தற்காலிகமானது, நோய் திரும்பி வந்தது. ஆயினும் மரணம் ஒன்றே முடிவு என்றிருந்த நோய், மருந்துக்குப் பின்வாங்கியது அதுவே முதல் முறை. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

அமினோப்டெரினின் இடத்தைப் பின்னர் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து பிடித்துக்கொண்டது. இன்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் விழுங்கும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரை அதுவே. அதன் தொழில் ஒன்றே ஒன்று: பெருகத் துடிக்கும் அணுக்களுக்கு ஃபோலிக் அமிலத்தைப் பயன்படாமல் செய்வது. புற்றணுவைப் போலவே வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் உடலில் உண்டு. வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் மச்சையில் உள்ள நல்ல அணுக்களும் அவ்வகையின. மருந்து அவற்றையும் விட்டுவைப்பதில்லை. வாய்ப்புண்ணுக்குக் காரணம் இதுதான்.

இப்போது அந்த சத்துப் புட்டியை நினைத்துப் பாருங்கள். மருத்துவர் ஒரு கையால் மூடிய கதவை உறவினர் மறு கையால் திறந்துவிடுகிறார். எத்தனை அளவு கொடுத்தால் எத்தனை கேடு என்று நாம் அளந்து சொல்ல இயலாது. பிள்ளைக்குப் பிள்ளை அது வேறுபடும். ஆனால் மருத்துவர் அறியாமல் அந்தக் கதவைத் திறப்பது எவருக்கும் உரிய காரியமன்று.

கீரையும் பருப்பும் ஃபோலிக் அமிலம் கொண்டவைதாமே, அவற்றையும் நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம். வீட்டில் நன்றாகக் கழுவிச் சமைத்த அன்றாட உணவை மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. பசித்திருக்கும் பிள்ளை மருந்தைத் தாங்காது. மாத்திரையிலும் டானிக்கிலும் செறிந்திருக்கும் அளவே கேள்விக்குரியது.

இங்கே இன்னொரு குழப்பம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பிள்ளையின் பெரியம்மாவுக்கு முடக்குவாதம். அவரும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். அதனுடன் ஃபோலிக் அமில மாத்திரையும் சாப்பிடும்படி அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் மருந்துப் பெட்டியில் அதே பெயரைக் கண்ட பெரியம்மா, "இதை ஃபோலிக் இல்லாமல் கொடுக்கவே கூடாது, என் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்" என்று தம் மாத்திரைகளில் பாதியை எடுத்து வைத்துவிட்டார். பிள்ளையின் உம்மா நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், மச்சி சொல்வது பொய்யில்லை. அவங்க சீட்டை நானே பார்த்தேன். பிள்ளைக்கு ஏன் எழுதவில்லை? டாக்டர் மறந்துட்டாங்களோ?"

மறக்கவில்லை. முடக்குவாதத்துக்கு அம்மருந்து சிறிய அளவில் தரப்படுகிறது. அங்கே நோக்கம் மூட்டின் அழற்சியைத் தணிப்பது. வாய்ப்புண் முதலிய துன்பங்கள் வராதிருக்க ஃபோலிக் அமிலம் சேர்த்துக் கொடுப்பது அங்கே முறையானது. இரத்தப் புற்றில் அம்மருந்து கொல்ல வேண்டியது பெருகும் அணுவை. அங்கே அதையே வழக்கமாகச் சேர்த்துக் கொடுப்பதில்லை. மருந்து ஒன்று, நோய் இரண்டு, ஒழுங்கும் இரண்டு. "அந்த மாத்திரைகளைப் பெரியம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு மகளே, அடுத்த முறை டாக்டரிடம் இதே கேள்வியைக் கேள்" என்று சொல்லி அனுப்பினோம். கேட்டார். விடையும் அதுவே கிடைத்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. சில கட்டங்களில் மெத்தோட்ரெக்ஸேட்டை மிகப் பெரும் அளவில் நரம்பு வழியே செலுத்துவார்கள். அப்போது மணிக்கணக்குப் பார்த்து, இரத்தத்தில் மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்து, ஃபோலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்தைக் கொடுப்பார்கள். இது ஃபோலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. புற்றணுவின் மீது மருந்து தன் வேலையைச் செய்து முடித்த பின், நல்ல அணுக்களை மீட்டெடுப்பது இதன் பணி. முந்திக் கொடுத்தால் புற்றும் மீண்டுவிடும். பிந்தினால் பிள்ளைக்கே ஆபத்து. ஒரே இனத்துப் பொருள், ஒரு நாழிகையில் நஞ்சுக்கு மாற்றாகவும் மற்றொரு நாழிகையில் நோய்க்குத் துணையாகவும் ஆகிறது. அந்த நாழிகையைக் கணிக்க வல்லவர் யார் என்பதுதான் கேள்வி.

இதற்கு நம் ஃபிக்ஹில் தெளிவான விடை உண்டு. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் கேடு விளையுமானால் அவரே பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த ஹதீஸ் அபூதாவூதிலும் நஸாயீயிலும் இடம்பெற்றுள்ளது. இதிலிருந்தே ளமான் எனப்படும் இழப்பீட்டுச் சட்டத்தை இமாம்கள் விரித்துரைத்தனர். நிய்யத் நல்லதாயிருந்தது என்பது அப்பொறுப்பை நீக்கிவிடாது என்பதைக் கவனிக்க வேண்டும். இப்னுல் கய்யிம் அவர்களோ, திறமையான மருத்துவர் கவனிக்க வேண்டியவை என இருபது விஷயங்களை எண்ணுகிறார். நோயின் வகை, அதன் காரணம், நோயாளியின் வலு, வயது, பழக்கம், பருவகாலம், ஊர் என்று அப்பட்டியல் நீள்கிறது. டானிக் புட்டியை வாங்கி வரும் நம் அன்பர்கள் இவற்றுள் எத்தனையைக் கவனிக்கிறார்கள்?

கருஞ்சீரகத்தைப் பற்றியும் கேட்கப்படுகிறது. மரணம் தவிர்ந்த நோய்களுக்கெல்லாம் அதில் ஷிஃபா உண்டென்னும் ஸஹீஹான ஹதீஸை மறுக்க எந்த முஃமினுக்கும் நா எழாது. ஆனால் அதன் பொருளை விளக்கிய இமாம் கத்தாபீ அவர்கள், சொல் பொதுவாக இருப்பினும் கருதப்படுவது குறிப்பிட்ட வகை நோய்களே என்றும், எல்லா இயல்புகளையும் தன்னுள் கொண்ட தாவரம் எதுவும் இல்லை என்றும் கூறியுள்ளார். இப்னு ஹஜர் அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் அதை எடுத்தாண்டிருக்கிறார். மார்க்க அறிஞர்களே இவ்வாறு வரையறுத்திருக்க, கருஞ்சீரக எண்ணெயைப் புற்று மருந்துடன் கலந்து ஊட்டுவதை ஈமானின் அடையாளமாகக் காட்டுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

நித்தியகல்யாணியின் கதை வேறு விதம். நம் கபர்ஸ்தான்களிலும் வேலி ஓரங்களிலும் கேட்பாரற்றுப் பூக்கும் இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. வின்கிறிஸ்டின் என்னும் இரத்தப் புற்று மருந்து இதிலிருந்தே எடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1963 முதல் வழங்கி வருகிறது. உடனே சிலர் செடியைப் பிடுங்கிக் கஷாயம் போடப் புறப்பட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையில் அம்மருந்து பிள்ளையின் உடல் அளவைக் கணக்கிட்டு மில்லிகிராம் சுத்தமாக அளக்கப்படுகிறது. அந்த அளவிலேயே அது நரம்புகளைத் தாக்கித் தாடையில் வலியையும் மலச்சிக்கலையும் பாதத் தளர்ச்சியையும் உண்டாக்குகிறது. கஷாயத்தில் எத்தனை மில்லிகிராம் இறங்கியிருக்கிறது என்று அடுப்படியில் யார் அளப்பது? பாதம் தளர்ந்தது கண்டு பி-12 ஊசி போடச் சொல்லி வற்புறுத்துவோரும் உண்டு. இங்கும் தளர்ச்சிக்குக் காரணம் வைட்டமின் குறைவன்று, மருந்தே. அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா, பாதப் பயிற்சி தருவதா என்று அவர் முடிவு செய்வார்.

ஒரு தாய் ஜம்ஜம் நீரைப் பற்றிக் கேட்டார். வெள்ளணு குறைந்த பிள்ளைக்குக் கொதித்து ஆறிய நீரே கொடுக்க வேண்டும் என்கிறார்கள். பல மாதங்களுக்கு முன் வந்து, பலர் கைபட்டுத் திறந்து மூடிய கேனில் உள்ள ஜம்ஜமைக் கொதிக்க வைத்தால் பரக்கத் போய்விடுமா என்பது அவர் கவலை. பரக்கத் ஆவியாகப் போகும் பொருளன்று. தாராளமாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்றோம். அவர் முகத்தில் அன்று கண்ட ஆறுதல் இன்னும் நினைவிருக்கிறது.

இதுவரை சொன்னவற்றால், வைட்டமின் என்றாலே விலக்க வேண்டியது என யாரும் எண்ணிவிடலாகாது. உண்மையான குறைவும் உண்டு. இரத்தப் புற்றுள்ள பிள்ளைகள் பலருக்கு வைட்டமின் டி குறைந்திருப்பதைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். பிள்ளை மாதக்கணக்கில் வெயில் படாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறது, சரியாக உண்பதில்லை. அத்துடன் ப்ரெட்னிசோலோன், டெக்ஸாமெதஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துகள் எலும்பை மெலியச் செய்கின்றன. பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்குச் சில வேளை இடுப்பு மூட்டின் எலும்பே இரத்த ஓட்டம் குன்றிச் சிதைவதுண்டு. வைட்டமின் அளவு குறைந்திருப்பதால் மருந்தின் பக்கவிளைவுகள் கூடுகின்றனவா என்று ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன; அவற்றின் முடிவுகள் யாவும் ஒரே திசையைக் காட்டவில்லை. ஆனால் குறைவு இருக்கிறதா என்பதை ஓர் இரத்தப் பரிசோதனையில் அறிந்துவிடலாம். ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வது பொதுவான வழக்கு. "என் பிள்ளைக்கு வைட்டமின் டி பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்கத் தயங்கிவிட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் நம்மவரிடம் உள்ள வினோதம்.

மிகுந்தாலும் கேடுண்டு. வைட்டமின் டி உடலின் கொழுப்பில் தங்கிவிடும் இனம். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் உண்டாகிச் சிறுநீரகமும் பழுதுபடும். வாந்தியும் மலச்சிக்கலும் புற்று மருந்தாலும் வருவன ஆதலால், வீட்டில் கொடுத்ததைச் சொல்லாமல் மறைத்தால் மருத்துவர் நோயின் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் வைட்டமின் டி பெரும்பாலும் 60,000 அலகு கொண்ட பொட்டலமாக வழங்கப்படுகிறது. அது வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தரப்படுவது. நாளுக்கு ஒன்று என்று எண்ணிப் பாலில் கலக்கிக் கொடுத்தவர்கள் உண்டு. சிகிச்சையின் இறுதிக் கட்டத்தில் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் வாரத்துக்கு ஒரு நாள்தான். உடன் எழுதப்படும் மெர்காப்டோபியூரின் மாத்திரையோ நாள்தோறும். இவ்விரண்டையும் மாற்றிக் கொடுத்து மெத்தோட்ரெக்ஸேட்டை அன்றாடம் விழுங்கச் செய்தால் உயிருக்கே ஆபத்து. மேலே சொன்ன பிள்ளையின் வாப்பா இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். வார மருந்துகளுக்கு அவர் வெள்ளிக்கிழமையை நிர்ணயித்து, மருத்துவரிடமும் சொல்லி ஒப்புதல் பெற்றார். காலண்டரில் ஒவ்வொரு ஜும்ஆ நாளிலும் பச்சை மையால் வட்டமிட்டிருக்கிறார். மாத்திரை கொடுத்த பின் அந்த வட்டத்துக்குள் பிள்ளையே கையெழுத்திட வேண்டும். கடந்த முறை நாம் சென்றபோது அலமாரிக் கதவில் இன்னொரு தாளும் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்த டானிக், தேன், எண்ணெய், பொடி எல்லாவற்றின் பெயரும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன; சிலவற்றை மருத்துவர் சிவப்பு மையால் அடித்திருந்தார், இரண்டின் எதிரே சரி என்று குறித்திருந்தார். நாம் கொண்டு சென்றிருந்த பேரீச்சம்பழத்தையும் அந்த உம்மா வாங்கிக்கொண்டு, அடியில் அதன் பெயரை எழுதிக்கொண்டார்.